அஞ்சரை மணிக்கூர்

கம்பெனி தந்த லேப்டாப்பில்
எதையும் நிறுவ எனக்கு உரிமையில்லை.
ஒரு கால்குலேட்டருக்கும் சென்னை சம்மதிக்க வேண்டும்.
டாக்கரை மட்டும் யாரோ விட்டுப் போயிருக்கிறார்கள்,
வாடகை வீட்டில் முன்பு இருந்தவர்
ஆணியில் மறந்த குடை மாதிரி.

வெட்டூர்ணிமடம். கீழே டயர் கடை.
சாரல் சன்னலை நனைத்து மேசைக்கு வருகிறது.
ஒரே வரியில் ஒரு கண்டெய்னர் எழுப்புகிறேன்:
அதற்குள் ஒரு துக்காணி லினக்ஸ்,
அதற்குள் மேகத்தோடு பேசத் தெரிந்த ஒரே ஒரு கருவி,
மூன்று வருடப் பழைய பதிப்பு.
காற்றாலைக்காரர்களின் கிடங்கு
புதிய பதிப்பிடம் முகம் கொடுக்காது.

வேலை முடிந்ததும் அழிந்துவிடு
என்று சொல்லித்தான் எழுப்புகிறேன்.
அதற்குள் டாக்கர் அதற்கொரு பெயரும் வைத்துவிட்டது:
ஒரு தூங்குமூஞ்சியும் ஒரு விஞ்ஞானியும் சேர்ந்த பெயர்.
இன்றைக்கென்று பார்த்து.

றெஜினுக்கு வந்த நோட்டீசில் இப்படி இருந்தது:
பதின்மூன்றாம் தேதி இரவு எட்டு இருபதுக்கு
நாற்பத்தேழாம் இயந்திரம் நின்றது.
நீர் ஏட்டில் எழுதிய நேரம் ஒன்று ஐம்பது.
இடைப்பட்ட ஐந்தரை மணி நேரம் உறங்கினீர்.
நாளை விடிந்தால் முப்பது நாள் ஆகிறது.
முப்பது நாளில் லாக் தானே அழியும்.

முதல் கட்டளை.
யார் நீ என்கிறது மேகம்.
சாவி ஃபோல்டரை உள்ளே மாட்ட மறந்திருக்கிறேன்.
நான் காட்டாத எதையும் அது காணாது,
இந்த மேசையை, மழையை, என்னை.
செத்தது. இன்னொன்று எழுப்பினேன்.
சாவியைப் படிக்க மட்டும் கொடுத்தேன்,
இறக்கி வைக்க ஒரு காலி ஃபோல்டரும்.

பதினான்காம் தேதி, ஒன்று ஐம்பது:
சுற்றுகிறது. காற்று வினாடிக்குப் பதினொரு மீட்டர்.

திரும்பவும் வாசித்தேன்.
சுற்றுகிறது.

அந்த ஒரு நிமிடம்
நானும் அவனை உறங்கவைத்துவிட்டேன்,
ஆரல்வாய்மொழிக் காற்றில்
எண்பது மீட்டர் கோபுரத்தின் அடியில், வாய் பிளந்து.

பிறகு, கை சும்மா இருக்காமல்
கண்டெய்னரிடம் நேரம் கேட்டேன்.
மாலை ஐந்து ஐம்பத்திரண்டு என்றது.
சுவரில் இரவு பதினொன்று இருபத்திரண்டு.
டயர் கடை அடைத்து எவ்வளவோ நேரமாயிற்று,
உள்ளே இன்னும் சாயா நேரம்.

பதின்மூன்றாம் தேதிக்குப் போனேன்.
இருபது மணி இருபது நிமிடம்:
கையால் நிறுத்தப்பட்டது. காரணம், அதிர்வு.
ஐந்தரையைக் கூட்டினேன், விரல் விட்டு,
தேதி புரண்டது.
ஒன்று ஐம்பது.

இறக்கிய கோப்பு என் ஃபோல்டரில் கிடக்கிறது,
ஆனால் என்னுடையதில்லை, ரூட்டுடையதாம்.
என்னால் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது.
சரிசெய்ய ஒரு கட்டளை உண்டு.
தட்டவில்லை. அப்படியே இருக்கட்டும்.

றெஜினை அழைத்தேன்.
முப்பந்தல் காற்று முதலில் பேசியது, அவன் பிறகு.
"அப்போ அந்த அஞ்சரை மணிக்கூர் எங்க போச்சு பிள்ளே?"
எங்கேயும் போகவில்லை, அது லண்டன் பக்கத்துக் கணக்கு,
இங்கே கூட்டிப் படிக்க மறந்துவிட்டார்கள் என்றேன்.
"லண்டன்காரன் எதுக்கு எனக்க சம்பளத்த பிடிக்கான்?"

பதில் தேடும் முன்னே சொன்னான்:
"நாப்பத்தேழு இப்பவும் மொரளுது. பேரிங் மாத்தல்ல.
கேக்குதா, இந்தா, கேளு."
போனைத் தூக்கிப் பிடித்திருப்பான்.

எனக்குக் காற்றுதான் கேட்டது.
கேக்குது என்றேன்.
வெளியேறு என்று தட்டினேன், கண்டெய்னர் போயிற்று.
அவன் இன்னும் போனை இறக்கவில்லை.