நாற்பத்தேழாவது டோக்கன்

சேரன்மாதேவி கூட்டுறவுச் சங்க வாசல்.
யூரியா லாரி பத்தமடை தாண்டிவிட்டதாம்.
காலை ஆறு மணியிலிருந்து
தாண்டிக்கொண்டே இருக்கிறது.

"நீ என்ன வேல பாக்க?"
நாற்பத்தாறாம் டோக்கன், முப்பிடாதி.
குவாண்டம் கம்ப்யூட்டர், பெங்களூரில், என்றேன்.
பித்தளைக் குத்துவிளக்கைத்
தலைகீழாகத் தொங்கவிட்டதுபோல் இருக்கும்.
அதன் நுனியில், உறைகுளிரில்,
நகத்தளவு ஒரு சில்லு.
"மாஞ்சோல குளிரா?"
அதுக்கு மாஞ்சோலை உலைக்களம்.

சாதாரணக் கம்ப்யூட்டருக்கு மடை
திறந்திருக்கும், இல்லை அடைத்திருக்கும்.
எங்கள் மடை
அளந்து பார்க்கும்வரை இரண்டும் கலந்த ஒரு நிலை.
"அப்பம் எல்லா விடையயும் ஒரே நேரத்துல பாத்துரும்."
அப்படித்தான் சொல்கிறார்கள்.
நிதி கேட்ட விண்ணப்பம் ஒன்றில்
நானும் எழுதியிருக்கிறேன்.
பொய்.

கன்னடியன் கால்வாயில்
இரண்டு மடைத் தண்ணீர் சேருமிடம்
பார்த்திருப்பீர்கள்.
மேடும் மேடும் சந்தித்தால் அலை எழும்பும்.
மேடும் பள்ளமும் சந்தித்தால்
தண்ணீர் சும்மா கிடக்கும்.
தப்பான விடைகள் ஒன்றையொன்று அமுக்கிக்கொள்ள,
சரியான இடத்தில் மட்டும் அலை உயர வேண்டும்.
அப்படி வாய்க்கால் வெட்டத்தான் எனக்குச் சம்பளம்.
ஒரு துளிச் சூடு உள்ளே புகுந்தால்
வெட்டியதெல்லாம் தூர்ந்துபோகும்.

பீடியை அணைத்துக் காதில் சொருகினார்.
"இத வச்சு யூரியா வருமா?"

சிரித்துவிட்டேன். பிறகு நிறுத்திக்கொண்டேன்.
உர ஆலையில் காற்றை உடைக்க
நானூறு டிகிரி வேண்டும்,
டிராக்டர் டயரைப்போல் நூறு மடங்கு அழுத்தம் வேண்டும்.
உளுந்து வேரில் ஒரு நுண்ணுயிர் அதையே
ஈர மண்ணில் சத்தமில்லாமல் செய்கிறது.
இரும்பு ஏழு, கந்தகம் ஒன்பது, மாலிப்டினம் ஒன்று.
அந்தச் சின்ன முடிச்சில் எலக்ட்ரான்கள்
என்ன செய்கின்றன என்று
இன்றுள்ள எந்தக் கம்ப்யூட்டருக்கும்
முழுசாய்க் கணக்கு வரவில்லை.
எங்களுடையதற்கு வரலாம்.
"எப்பம்?"
பத்து வருஷம்.
நான் வேலைக்குச் சேர்ந்தபோதும்
பத்து வருஷம்தான்.

லாரி வந்தது.
முப்பிடாதியின் பெருவிரலை
ரேகை மெசின் மூன்று தடவை மறுத்தது.
தலைமுடியில் தேய்த்து, எண்ணெய் ஏற்றி, மறுபடி வைத்தார்.
பச்சை.
"ஒன் மெசினு மாதிரியேதான். பாத்தாத்தான் தெரியுது."
இல்லை, இது வெறும் அழுக்குக் கண்ணாடி.
சொல்லவில்லை.

அவரோடு மூட்டை தீர்ந்தது.
கசங்கிய டோக்கனோடு வரப்பில் நடந்தேன்.
ஓரமாய் யாரோ ஊன்றிய உளுந்து.
ஒரு செடியைப் பிடுங்கி, மண் உதறி,
வேர்முடிச்சை நகத்தால் கிள்ளினேன்.
உள்ளே இளஞ்சிவப்பு.
சுடவில்லை. உறையவில்லை.
என் விரல் வெப்பம்தான் அதற்கும்.

வயலுக்கு அந்தப்பக்கமிருந்து ஒரு குரல்:
"யாரு அது? அங்கன என்ன புடுங்குத?"