சீட்டு எண் 4417

வியாழக்கிழமை கொண்டுவந்தார்.
பச்சை மேல்சட்டை, அதற்கேற்ற கால்சட்டை,
கழுத்துப்பட்டைக்குக் கீழே மஞ்சளாய் ஒரு திட்டு.
"சமூக மன்றத் தீபாவளி விருந்தில்
யாரோ சாம்பாரை ஊற்றிட்டாங்க, அக்கா."
நானூறு பேரை நிமிர்ந்து நிற்கவைக்கும் குரலில்
அக்கா என்றார் என்னை.

ஞாயிறு காலை நாளிதழில் அவர் முகம்.
லெப்டினன்ட் கர்னல் தில்லைநாதன்மீது
ஐந்து குற்றச்சாட்டுகள்.
மூன்றை வாய்விட்டு வாசிக்கலாம்.
மீதி இரண்டைப் படித்ததும்
இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டுக்
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சுவா சூ காங்கில் செய்திக்குக் கால் வேண்டாம்,
மின்தூக்கியே போதும்.
முதலில் வந்தது பூக்கடைச் செல்லக்கிளி.
"இருக்கவே இருக்காது. அந்தக் கண்ணைப் பார்த்தாலே தெரியும்."
விளக்கு வைக்கிற நேரத்தில் மறுபடி வந்து,
"எனக்கு அப்பவே ஒரு மாதிரிதான் பட்டுச்சு."
ஒரே பகலில் இரண்டு தீர்ப்பு.
நீதிமன்றம்தான் ஜனவரிவரை தள்ளிவைத்திருக்கிறது.

டாக்சி ஓட்டும் ஹமீது மரைக்காயருக்குக்
காப்பி ஆறிக்கொண்டிருந்தது:
"நம்ம ஆள் ஒருத்தன் மேலே போனா
பொறுக்குமா இவங்களுக்கு?"
அந்த 'நம்ம'வை நானும் செலவழித்தவள்தான்.
அவர் பதவி உயர்ந்த வாரம்
நாளிதழ்ப் படத்தை வெட்டி
முன்கண்ணாடியில் ஒட்டினேன்,
'எங்கள் வாடிக்கையாளர்' என்று
நீல மையில் எழுதி.
அன்றைக்குப் பெருமையில் பங்கு கேட்டு
வரிசையில் நின்றோம்.
இன்றைக்குப் பங்குதாரர் ஒவ்வொருவராய்
கையெழுத்து என்னுடையதில்லை என்கிறார்கள்.

எட்டாம் மாடி திரு. க்வெக்
சட்டைகளை எண்ணி வைத்துவிட்டு
மெதுவாக, மிகவும் அன்பாக,
"உங்களுக்கெல்லாம் கஷ்டமாக இருக்கும்" என்றார்.
அந்தப் பன்மைக்குள் என்னை
எப்போது ஏற்றினார்கள்?
போன வருஷம் அவர் பெயருள்ள
வங்கி அதிகாரி ஒருவர் பிடிபட்டாரே,
அவரிடம் நான் துக்கம் விசாரித்தேனா?

மகன் நெடுமாறன் இரண்டு வருஷம்
அவருக்குக் கீழே தேசிய சேவை செய்தவன்.
புருணைக் காட்டில் கால் பிசகியபோது
ஓடை தாண்டி அவனைத் தூக்கி வந்தது அவர் முதுகு.
இரவுச் சோற்றுக்கு நடுவில் கேட்டேன்.
"அதுவும் உண்மைதான்மா" என்றான்,
தட்டைக் கழுவப் போய்விட்டான்.
எச்ச உம்மை என்று பள்ளியில் படித்தது
ஞாபகம் வந்தது.
எச்சம் எது என்று அவன் சொல்லவில்லை.
குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை ஓர் இளம்பெண்
பையில் ஒரே ஒரு பாவாடையோடு.
உள்ளே நுழைந்தவள் கண்ணாடிப் படத்தருகே நின்றாள்.
"வேற ஒரு நாள் வரேன்."
குளிரூட்டியின் குளிர் பிடிக்காமல் இருக்கலாம்.
மழை வரும்போல் இருந்தது, அதனாலும் இருக்கலாம்.
அவள் போன பிறகுதான் உறைத்தது:
வாரம் முழுக்க இந்த மேசைக்கு மேலே
அவரைப் பற்றியே பேசினோம்.
பெயர் அச்சிடக் கூடாத இரண்டு பேரைப் பற்றி
நலமா என்றுகூட ஒரு வாய் கேட்கவில்லை.
என் வாயையும் சேர்த்துத்தான்.

படத்தைக் கிழித்தெடுத்தேன்.
ஒட்டுநாடாவின் பிசுக்கு
நான்கு மூலையிலும் நின்றுகொண்டது.
மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும்
சாய்ந்த வெயிலில் ஒரு சதுரம் தெரிகிறது.

சாம்பார்க்கறை என்னவோ போய்விட்டது.
மஞ்சள் வெயிலுக்குத் தாங்காது,
பின்சன்னலில் இரண்டு நாள் தொங்கினாலே போதும்.
அறுபது நாளில் வாங்காத துணிக்குக்
கடை பொறுப்பல்ல என்று
சீட்டின் பின்னால் சிறிய எழுத்தில் இருக்கிறது.
பாக்கி ஏழு வெள்ளி எண்பது காசு.

பொத்தானை அழுத்தினால்
தலைக்குமேலே துணிவரிசை நகரும்.
கல்யாணக் கோட்டு, யாரோ ஒரு தாதியின் உடை,
பிறகு பிளாஸ்டிக் உறைக்குள்
அந்தப் பச்சை.
அது என்னைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும்
முதுகு தன்பாட்டுக்கு நிமிர்ந்துவிடுகிறது.
அதை என்ன செய்வது என்றுதான்
தெரியவில்லை.