முப்பத்தைந்தில் ஒன்று

எமல்டா ஒரு மரத்துண்டோடு வந்தாள்.
தண்ணீர் டிரம் ஆடாமலிருக்க
இரண்டு வருஷம் அடியில் முட்டுக்கொடுத்த துண்டு.
பலகை மாற்றியபோது மிஞ்சியதாம்.
"எங்க வள்ளத்துக் கட்டைதான்.
இதுலயே சின்னதா செஞ்சு குடு.
ஃபிரிட்ஜ் மேல வைக்கணும்."

எப்படிச் சொல்வது,
நிஜ மரத்தில் செய்தால் நிஜமாகத் தெரியாதென்று?
இந்தத் துண்டில் மயிரிழையாய் ஓடும் ரேகை
முப்பத்தைந்தில் ஒன்றாய்ச் சுருங்கிய வள்ளத்தில்
இரண்டு விரல் பள்ளமாய் வாய் பிளக்கும்.
மரத்துக்குத் தன்னைக் குறைத்துக்கொள்ளத் தெரியாது.
பிளாஸ்டிக்குக்குத் தெரியும்.

துண்டை நிறம் பார்க்க வைத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் போட்டோ ஃபிரேம் கடை எனக்கு.
ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
வெள்ளை ஷீட்டைப் பலகை பலகையாய் அறுப்பேன்.
உடைந்த ரம்ப பிளேடால் இழுத்தால் நார்,
ஊசியால் ஒரு குத்து, ஆணி.
முதலில் உலர்ந்த மணலின் நிறம்.
அதன்மேல் டர்பன்டைனில் நீர்க்க விட்ட கடுங்காப்பி நிறம்;
அதை நான் பூச வேண்டியதில்லை,
தொட்டு வைத்தால் போதும்,
பள்ளம் தேடித் தானே போய்ப் படுக்கும்.
பிறகு ஹேர் ஸ்பிரே.
ஈரம் காயுமுன் வாலிநோக்கத்துக் கல்லுப்பு
மிக்சியில் அரைச் சுற்று விட்டுத் தூவியது.
எல்லாவற்றுக்கும் மேலே பச்சை.
காய்ந்ததும் பழைய டூத் பிரஷ்ஷைத் தண்ணீரில் தொட்டுத் தேய்த்தால்
உப்பு கழன்று வரும்
பச்சையையும் கூட்டிக்கொண்டு.

கடலுக்கு ஐந்து வருஷ வேலை.
எனக்கு இரண்டு டீ.
வெளியே என் கடை போர்டை அதே உப்பு
கூலி கேட்காமல் தின்றுகொண்டிருந்தது.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாகவே வந்தது.
அணியத்தில் வெடிப்பு.
ஆணித்தலையிலிருந்து துரு
அழுத கண்மைபோல வழிந்திருந்தது.
விளிம்பெல்லாம் சாம்பல்:
பிரஷ்ஷைத் துணியில் துடைத்துத் துடைத்து
இனி சாயமே இல்லை என்கிறபோது
தடவ வேண்டிய சாம்பல்.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நசரேன் வந்தான்.
வள்ளத்தைத் தூக்கவில்லை.
குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.
"யாரோடது இது?"
உன்னுடையதுதான்.
"இது சும்மா நிக்கிற வள்ளம்."

தொடாமல் விரல் நீட்டினான்.
"வலை ஏறுறது இந்த இடத்துல.
அங்க கட்டை வெளுக்காது.
மீனெண்ணெய் குடிச்சுக் கன்னங்கரேல்னு மினுங்கும்.
இந்தா, அமரத்துல, என் குதிகால் நிக்கிற எடம்.
பதினாலு வருஷமா பெயிண்ட் ஒட்டினதே கெடையாது.
கயிறு அறுத்த தடம் எங்க?
மூணு இருக்கணும்.
மூணாவது எமல்டா தம்பி முடிச்சுப் போடத் தெரியாமப் போட்டது."

எனக்குக் காது சுட்டது.
நான் போட்டோ எடுத்து வைத்திருந்ததெல்லாம்
கரையேற்றிக் கவிழ்த்த வள்ளங்கள்.

மறுபடி உட்கார்ந்தேன், மூன்று இரவு.
வலை ஏறுமிடத்தின் மினுமினுப்புக்கு
எந்த வார்னிஷும் ஒத்து வரவில்லை.
கடைசியில் என் மூக்கோரத்து எண்ணெயைக்
கட்டைவிரலால் வழித்துத் தேய்த்தேன்.
குதிகாலுக்கு நகத்தால் சுரண்டினேன்.
கயிற்றுத் தடம் மூன்று. மூன்றாவது கோணல்.

இடப்பக்கம் முடிந்தபோது நசரேன் வந்து
ஒன்றும் சொல்லாமல் நின்றான்.
வலப்பக்கத்தைத் திருப்பிப் பிரஷ் எடுத்தேன்.
"அது அப்பிடியே கெடக்கட்டும்," என்றான்.

அக்கரையில் பிடித்துக் கட்டிப்போட்டு
மூன்று மழை போயிருந்தது.
ஊர் வள்ளம் ஒன்றில் கூலிக்குப் போகிறான் இப்போது.
"இந்நேரம் இப்பிடித்தான் இருக்கும்," என்றான்
வெடித்த அணியத்தைப் பார்த்து;
ஆணித்துருவைக் கொஞ்சம் கூட்டச் சொன்னான்.

எந்தப் பக்கத்தைச் சுவருக்குக் காட்டி வைப்பீர்கள்
என்று நான் கேட்கவில்லை.

எமல்டா பணத்தை இரண்டு தரம் எண்ணிக் கொடுத்தாள்.
படியிறங்கியவள் திரும்பி வந்தாள்.
"அந்தக் கட்டையக் குடு,
டிரம்மு ஆடுது."