பகலில் நிற்கும் கதவு

ஒத்தக்கடையில்
நான் கடை போடுவது காரின் பின்பக்கத்தில்.
டிக்கிக் கதவுதான் கூரை.
அதன் அடியில் இட்லிக் குண்டான், சாம்பார்த் தூக்கு,
கொக்கியில் தொங்கும் ஒரு பல்பு.
மார்கழி பிறந்த நாலாம் நாள்
கூரை இறங்கி என் பின்னந்தலையில் உட்கார்ந்தது.
பட்டென்று இல்லை.
பஸ்ஸில் தூக்கம் வந்த ஆள்
தோளில் சாய்கிற மாதிரி, மெல்ல.

அதற்கப்புறம் இடது தோள் கதவுக்கு,
வலது கை கரண்டிக்கு.
மூங்கில் கம்பு ஒன்று முட்டுக் கொடுத்துப் பார்த்தேன்.
பேப்பர் போடுகிற பையன் கால் இடறி
கம்பு போய், கதவு போய்,
பதினாறு இட்லி தார் ரோட்டில்.
நானும் காசு கேட்கவில்லை,
அவனும் கொடுக்கவில்லை.

வியாபாரம் முடிந்து நெல்பேட்டை போய்ச் சேர்ந்தபோது
மணி பன்னிரண்டு.
சிக்கந்தர் கதவைத் தூக்கினார். நின்றது.
கையை எடுத்தார். நின்றது.
குலுக்கினார். யானைமலை மாதிரி நின்றது.
"நல்லாத்தானக்கா இருக்கு."
பொய்க்கேஸ் கொடுத்தவள் போல முழித்தேன்.
மறுநாளும் அதே கதை.
காலையில் என் மேல் விழுந்த கதவு
அவர் முன்னால் விறைப்பாக.

மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன்:
"அஞ்சு மணிக்கு வந்து பாருங்க. இட்லி என் செலவு."

வந்தார். தொப்பிக்கு மேல் மப்ளர்.
மலை இன்னும் இருட்டோடு இருட்டாக.
தூக்கி விட்ட கதவு
அவர் மூக்கு வரை இறங்கி வந்து விசாரித்தது.
சிரித்துவிட்டார்.
"ஷாக்குக்கு உள்ள கேஸுக்கா.
பனியில ஒடுங்கும், வெயில்ல முறுக்கும்.
பாதி எப்பவோ கசிஞ்சு போச்சு.
மிச்சத்த வச்சுக்கிட்டு
நம்ம ஊரு வெயில்தான் இத்தன நாள் தூக்கிப் புடிச்சிருக்கு."

சீட்டுப் பணம் போகக் கையில் இருந்தது
ஒன்றுக்குத்தான்.
ஒன்றை மட்டும் மாற்றினால் என்ன?
"புதுசு ஒரு பக்கம் தள்ளும், பழசு ஒரு பக்கம் தொங்கும்.
கதவு கோணிக்கும். கண்ணாடிக்கு யாரு காசு குடுக்கிறது?
ரெண்டையும் போட்டுருவோம்.
பாதிப் பணம் பொங்கலுக்கு."

சின்ன ஸ்க்ரூடிரைவரால் கிளிப்பை நெம்பினார்.
அப்போதும் கதவைப் பிடித்திருந்தது நான்தான்.
குண்டுத் தலையிலிருந்து டக்கென்று கழன்றது.
தண்டு முழுக்கப் பிசுக்கு,
பிசுக்கில் மாவு, மாவில் ஒரு கடுகு.
"இதுக்கு யாரு எண்ணெ போட்டது?"
நான்தான். கடலெண்ணெய்.
சொல்லவில்லை.
"காஞ்ச துணியால தொடைங்க. வேற ஒண்ணும் வேணாம்."

கதவு மூடியிருக்கும்போது
தண்டு கீழே பார்க்கும்படி மாட்டினார்.
உள்ளே இருக்கிற சொட்டு எண்ணெய்
அப்போதுதான் ரப்பரை நனைத்துக்கொண்டே இருக்குமாம்.
கழற்றிய பழசு இரண்டையும்
அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கப் போனேன்.
ஓடி வந்து பிடுங்கினார்.
"சூட்டுல வெடிச்சிரும்.
செத்த மாதிரிதான் தெரியும், உள்ள அழுத்தம் இருக்கு."
சாக்கில் சுற்றி அவரே கொண்டுபோனார்,
எட்டு இட்லி சாப்பிட்ட பிறகு.

இப்போது விரல் பட்டால் போதும்,
கதவு தானாக எழுந்து
என் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது.
இழுத்து மூட
ஒரு பழைய சேலைக் கரையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.
ஐகோர்ட்டுக்கு வாய்தாவுக்குப் போகிறவர்கள்
ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே சாப்பிடுகிறார்கள்.
ஏன் என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

எனக்கு இடது கை சும்மா இருக்கிறது.
எங்கே வைப்பதென்று தெரியாமல்
முதல் நாள் முழுக்க இடுப்பில் வைத்திருந்தேன்.
"என்ன பஞ்சவர்ணம், யாரோட சண்டை?" என்றார்
கண்டக்டர் தவமணி.

மறுநாளிலிருந்து
இரண்டு சட்னி.