இராக் கூலி

சாட்ஸ்வொர்த், ஏழாம் யூனிட்.
ஒன்பதரைக்கு விளக்குப் போய்விட்டது.
போகப்போகிறேன் என்று போனில் சொல்லிவிட்டுத்தான் போனது.
பிளெண்டர் இப்போது வெறும் ஜாடி.
ஊறுகாய் பாட்டிலில் பவுடரைப் போட்டுப்
பாலை ஊற்றி மூடியைத் திருகி
இருட்டில் குலுக்குகிறேன்.

யாருக்குத் தாலாட்டு என்கிறான் தவனேசன்
போர்வைக்குள்ளிருந்து.
என் முதுகுக்கு.
முதுகுக்குப் பசிக்குமா என்று கேட்டவன்
பதிலுக்கு முன்பே குறட்டை.

பசிக்கும்.
சாயங்காலம் மூட்லியின் கராஜில்
நூற்றிருபது கிலோவை ஐந்து தடவை
தரையிலிருந்து பிரித்தேன்.
ஐந்தாவதில் பின்தொடை
நூல் நூலாக விட்டதுபோல் இருந்தது.
விடட்டும் என்கிறார் மூட்லி,
கிழிந்தால்தானே தைக்க முடியும்.
தையல் கராஜில் நடப்பதில்லை,
கட்டிலில்.

போட்டி அக்டோபர் கடைசியில், பீட்டர்மாரிட்ஸ்பர்கில்.
நடுவில் புரட்டாசி வந்து
சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது.
கோழி இல்லை, மீன் இல்லை, முட்டையும் இல்லை.
எதிர்வீட்டில் முட்டைக்கு மட்டும் விலக்கு உண்டு;
பெருமாளிடம் தனியாக என்ன பேசினார்களோ.
எங்களுக்குப் பருப்பு, சுகர் பீன்ஸ், சோயா,
மறுபடி பருப்பு.
ஸ்கேனரைப் பிடித்துக்கொண்டு கிடங்கில் நடக்கையில்
வயிறுதான் பளு தூக்குகிறது.

சிபோங்கிலே சொன்னாள்:
டின்னுக்குத் தொள்ளாயிரம் ராண்டைக் கொட்டாதே,
அமாசி குடி.
இரண்டு லிட்டர் பாட்டிலையே கையில் திணித்தாள்.
புளித்துத் திரண்ட பால்.
தயிர்தான் இது, என்றேன்.
தயிரில்லை, என்றாள்.
இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.
ஒரு நாள் டின், ஒரு நாள் அமாசி என்று
அன்றிலிருந்து ஓடுகிறது.

மக்னீசியம் கதை வேறு.
பிடிப்பு விடும், தூக்கம் வரும் என்று
பார்மசியில் கொடுத்தார்கள்.
தூக்கம் அதனால் வருகிறதா தெரியாது,
கிடங்கு வேலைக்கே வந்துவிடும்.
மூன்றாம் நாள்தான் டப்பாவின் பொடி எழுத்தைப் படித்தேன்.
உறை ஜெலட்டின். மாட்டெலும்பு.
இரண்டு இரவு விரதம்
எனக்குத் தெரியாமலே முறிந்திருக்கிறது.
சனிக்கிழமை விளக்கேற்றும்போது
சொல்லவா வேண்டாமா என்று நின்றேன்.
சொல்லவில்லை.
இப்போதெல்லாம் உறையைத் திருகிப் பிரித்துப்
பொடியை மட்டும் நாக்கில் தட்டிக்கொள்கிறேன்,
சுண்ணாம்பு நக்கினாற்போல.
காலி உறைகள் சாசரில் உருள்கின்றன.

குடித்தாயிற்று. அடியில் கட்டி கட்டியாக
ஒரு வாய் மிச்சம், இறங்கவில்லை.
இனி எனக்கு வேலை ஒன்றுமில்லை.
நான் இல்லாத நேரம் பார்த்து
என் முதுகில் ஆட்கள் இறங்குவார்கள்.
கொத்தனார் யார், சித்தாள் எத்தனை பேர்,
கண்டதில்லை.
விழித்துப் பார்த்தால் வேலையை நிறுத்திவிடுவார்கள்.
கூலியை வைத்துவிட்டுக்
கண்ணை மூடிக்கொள்வதுதான் ஒப்பந்தம்.
குறைத்துக் கொடுத்தால்
மறுநாள் மாடிப்படியில் கணக்குக் கேட்பார்கள்.

பன்னிரண்டுக்கு விளக்கு வந்ததாம்.
ஃப்ரிட்ஜ் உறுமி,
ஹாலில் டிவி யாருமில்லாமல் பேசியதாம்.
எனக்குத் தெரியாது.

காலையில் தவனேசன்
ஊறுகாய் பாட்டிலைத் தூக்கிக் காட்டினான்.
கழுவ மறந்திருக்கிறேன்.
அடியில் வெள்ளையாக இறுகிக்
கரண்டியால் தட்டினாலும் விடவில்லை.
இதையா குடிக்கிறாய், என்றான்.
கலவையில் மிஞ்சியது, என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.
பாட்டிலில் வெந்நீர் ஊற்றி வைத்துவிட்டுக்
குனிந்து ஷூ கட்டினேன்.
இடுப்புக்குச் சற்று மேலே ஒரு கையகலம்
இன்னும் காயவில்லை.