மதிப்பு: சொல்லும்படி இல்லை

மின்ட் தெருவில் இரண்டாம் மாடி,
பித்தளைக் கிடங்குக்கு மேலே என் மேசை.
ஒரு நுண்ணோக்கி, ஒரு தராசு,
கல்லுக்கு முந்நூற்றைம்பது ரூபாய்.
பெரும்பாலும் பொய்களைத்தான் கொண்டுவருவார்கள்.
பெயர் எழுதி, முத்திரை குத்தி அனுப்புவேன்.

செவ்வாய்க்கிழமை, மின்சாரம் போன மதியம்,
எர்ணாவூர் ஜெசிந்தா படியேறி வந்தார்.
அவருக்கு முன்னால் மீன் வாடை வந்தது.
கழுத்துக் கயிற்றை அவிழ்த்து
மையில் ஊறிய புளியங்கொட்டை போல ஒன்றை வைத்தார்.
"கல்லா, கண்ணாடியா? அத்த மட்டும் சொல்லு."

கப்பலில் ஆயிலராயிருந்த சிரில்
போன தை மாதம் பெட்டியில் வந்தார்.
கூடவே ஒரு பட்டியல்:
சட்டை நான்கு, ரேசர், செபமாலை,
ஏழாவதாக, கறுப்புக் கல் ஒன்று.
அந்தக் 'கல்'லைப் பிடித்துக்கொண்டார் கொழுந்தன்.
மெக்சிகோ கல்லாமே, லட்சம் போகுமாமே,
பாதி எனக்கு.

டார்ச்சைப் பின்னால் பிடித்தேன்.
நடுவில் இரவு; ஓரத்தில் மட்டும்
டிக்காஷன் நிறத்தில் கொஞ்சம் வெளிச்சம்.
படிகம் இல்லை. எங்கும் இல்லை.

எரிமலைக் குழம்பு, என்றேன்.
நிதானமாக ஆறியிருந்தால் படிகம் கோத்திருக்கும்.
இது அவசரத்தில் ஆறியது,
ரேஷன் கடை ஷட்டர் திடீரென இறங்க
வரிசை கட்டுமுன்னே
அவரவர் நின்ற இடத்தில் உறைந்த மாதிரி.
கண்ணாடிதான். ஆனால் யாரும் செய்ததில்லை.

பிறகு கேட்காததையும் சொன்னேன்
(மத்தியானத்தில் எனக்குப் பேச ஆள் கிடைப்பதில்லை):
முதலில் இது கத்தி. அப்புறம் அம்பு முனை.
எட்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ
தேய்த்துத் தேய்த்து, உள்ளே ஒரு முகம் தெரிந்து,
அது தன் முகம்தான் என்று நம்பியிருக்கிறார்கள்.
மெக்சிகோவில் ஒரு சாமிக்குப் பெயரே
புகையும் கண்ணாடி.

"கத்தின்னு எனக்கே தெரியும்," என்றார்.
"தொவைக்கிற கல்லுல வுழுந்து ஒரு சில்லு போச்சி.
அந்தச் சில்லால காசிமேட்டுல
ஒரு சங்கரா வயித்தக் கீறிப் பாத்தேன்.
மீனுக்கே தெர்ல."

உடைந்த முகத்தைத் திருப்பினேன்.
சிப்பி முதுகின் வளையங்கள்,
அலை அலையாய், உலராதது போல.

மின்சாரம் வந்தது.
கயிறு நுழையும் துளையில் சாம்பல் தூசு.
பெரிதாக்கினால்
உருண்டை உருண்டையாய்க் கண்ணாடி மணிகள்,
ஊசி முனையில் நூறு நிற்கும்.
எண்ணூர் அனல் மின் நிலையத்துச் சாம்பல்.
உலையில் உருகி
புகைபோக்கி தாண்டுமுன் அவசரத்தில் ஆறியது.
இதற்கு அது தூரத்துச் சொந்தம்.

பார்க்கச் சொன்னேன்.
ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.
"இதுவா எங்க கொடித்துணி மேல வுழுறது?
அழகாத்தான் கீது."
இருமினார். மறுபடி பார்த்தார்.

விற்றவன் சிரிலிடம் சொன்னானாம்,
கெட்ட கண் இதில் பட்டால் வந்த வழியே திரும்புமென்று.
நம்பாமலில்லை நான்.
என் மகள் கையிலும் கறுப்பு வளையல்,
அதுவும் கண்ணாடி.

சான்றிதழில் இரண்டே கட்டம்: இயற்கை, செயற்கை.
பேனாவை எடுத்தபோது
என் மணிக்கட்டைப் பிடித்தார்.
"விலை போவாதுன்னு எழுது.
பெருசா எழுது. அவன் கண்ணாடி போடாமலே படிக்கணும்."

எழுதினேன்.
இயற்கைக் கண்ணாடி. எடை ஒன்பது கிராம்.
சந்தை மதிப்பு: சொல்லும்படி இல்லை.
பொய்யும் இல்லை.

தாளை நான்காய் மடித்துச் சுருக்குப் பையில் போட்டார்.
கறுப்பை ரவிக்கைக்குள் இறக்கினார்.
முந்நூற்றைம்பதை
செதில் ஒட்டிய பத்து ரூபாய்த் தாள்களில்
எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பியிருப்பார்,
அப்போதுதான் பார்த்தேன்,
கார்பன் தாளில் சிவப்பாய் ஒரு புள்ளி,
இன்னொன்று.
என் கட்டைவிரல் எப்போது அறுபட்டதென்று
எனக்கும் தெரியவில்லை.