உயிர்வாழ் சான்று

ஒவ்வொரு நவம்பரும்
அப்பா உயிரோடு இருப்பதை
உசிலம்பட்டி வங்கிக்குப் போய்ச் சொல்லவேண்டும்.

நேரில் நின்றால் போதாது,
விரல் சொல்லவேண்டும்.
கண்ணாடிச் சில்லில் கட்டைவிரலை வைப்பார்.
சிவப்பு எரியும்.
ஆள்காட்டி விரல், சிவப்பு.
பாம்புவிரல், சிவப்பு.
கவுண்டரில் இருக்கும் பெண் ஈரத்துணி தருவாள்.
துடைத்துவிட்டு மறுபடி வைப்பார்
தப்பு தன்னுடையது என்பதுபோல.

பெரியாஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்தபிறகுதான்
அது என்ன தழும்பு என்று எனக்குப் பிடிபட்டது.
கேட்டபிறகே சோஜிலா கணவாய் வந்தது,
ஒரு ஜனவரி வந்தது,
உறைந்த டீசல் குழாயை
உறையில்லாமல் பிடித்த கை வந்தது.
இரும்பு ரேகையை வாங்கிக்கொண்டு
வண்டியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது.
"வண்டி நிக்கக் கூடாதுல்ல" என்றார்.

நான் ஆறாவது படிக்கும்போது
சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் அழைத்தார்கள்.
எழுபத்தொன்று யுத்தம் பற்றி
இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார் ஹெட்மாஸ்டர்.
மைக்கைப் பிடித்து
"டீசலும் உறையும்" என்றார்.
எண்ணிப் பார்த்தால் இரண்டுதான்.

ஹவில்தார் காசிமாயன், டிரைவர்.
எந்த பஸ்ஸில் ஏறினாலும்
முதலில் சுற்றி வந்து
ஆறு டயரையும் உதைத்துப் பார்ப்பார்.
விசிலை வாயில் வைத்தபடி கண்டக்டர் காத்திருப்பார்.
செக்கானூரணியில் என்றோ பஞ்சரான ஒரு பஸ்ஸை
வீட்டில் நடக்கும் எல்லாத் தகராறிலும்
சாட்சிக்கு இழுப்பார்.

குடிக்க மாட்டார்.
கேன்டீன் ரம் மாதம் நாலு பாட்டில்
தினத்தாள் சுற்றித் துணிப்பையில் வரும்,
வந்த வேகத்தில் போகும்.
என் நர்சிங் படிப்பில்
இரண்டாம் வருட ஃபீஸ் முழுக்க ரம்.
அம்மாவுக்குத் தெரியும்.
கருப்பசாமிக்கும் தெரியும், அவருக்கு
வருஷத்துக்கு ஒரு பாட்டில் முறையாகப் போனது.

ஆள் எடுப்பில் நெஞ்சளவு போதாமல்
அண்ணன் திரும்பி வந்தபோது
மூன்று மாதம் அவனோடு பேசவில்லை.
பிறகு ஒருநாள்
தன் முட்டையை எடுத்து அவன் தட்டில் வைத்தார்.
அவ்வளவுதான் சமாதானம்.

ஆவணியில் போனார்.
குளிப்பாட்டிக் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டும்போது
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நிறையப் பேர் ஏறி இறங்கிய
கோயில் படிபோல வழவழவென்று.

இந்த நவம்பர்
அவர் இல்லை என்பதைச் சொல்லப் போனோம்,
அம்மாவும் நானும்.
இறப்புச் சான்று, டிஸ்சார்ஜ் புத்தகம்,
இருவரும் விறைத்து நிற்கும் ஜாயிண்ட் போட்டோ.
அம்மா விரலை வைத்தாள்.
முதல் தடவையே பச்சை.
அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

மேனேஜர் புத்தகத்தைப் புரட்டினார்.
"சம்சாரம் பேரு தபோமணின்னு இருக்கு.
ஆதார்ல தவமணி.
இதுல எதும்மா நீங்க?"

எழுபத்திரண்டில் எந்த ஊர் கிளார்க்கோ
காதில் விழுந்ததை எழுதியிருக்கிறான்.
அப்பா கடைசிவரை திருத்தவில்லை.

அம்மா கொஞ்சம் யோசித்தாள்.
"பட்டாளத்துல அவர்கூட இருந்தது அவ.
இங்கன இருந்தது நானு.
ரெண்டு பேருக்கும் ஒரே ஆளுதான் சார்."

இருபது ரூபாய்ப் பத்திரத்தில் ஒரு பிரமாணம் வேண்டுமாம்.
தாலுகா ஆபீஸ் எதிரில் நோட்டரி
சாப்பிடப் போயிருந்தார்.
மூன்று மணி ஆகும் என்றார்கள்.

வேப்பமர நிழல் நகர நகர
பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டு
உட்கார்ந்திருந்தோம்
மூன்று பேரும்.